டெய்சி ஆடிக் காட்டிய பவான்

கீரனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. டெய்சி போய்விட்டார், மாரடைப்பு. முந்தின ஞாயிறு ஒத்திகையில் என் வயலின் வில்லைப் பிடித்து நிறுத்திச் சண்டை போட்டவர்! "இருக்கவே முடியாது" என்று சத்தம் போட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

புதுக்கோட்டையில் எங்கள் தந்தி வாத்தியக் குழுவைக் கேட்டவர்களுக்கு அவரைத் தெரியும். பகலில் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை, மாலையில் செல்லோ என்ற பெரிய வயலின். மற்ற நால்வரும் கர்நாடக வயலின்காரர்கள். பவானைக் கொண்டுவந்தவர் அவர்தான். பல நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பிய அரண்மனைகளில் ஜோடி ஜோடியாகக் கைகோத்து மெதுவாக ஆடிய நடனத்தின் இசை அது.

முதல் ஒத்திகையிலேயே எங்கள் மானம் போயிற்று. ஒரு பகுதியை மறுபடி வாசிக்க வேண்டும். மறுபடி என்றால் எங்கள் கைக்குத் தெரிந்தது மேல்காலம்தான். யாரும் சொல்லாமலே நால்வரும் இரட்டை வேகத்தில் பாய்ந்தோம். டெய்சி சிரித்துச் சிரித்துச் செல்லோமேலேயே சாய்ந்துவிட்டார். "சார், ராணியம்மா பட்டுப் பாவாடையோட ஓடுறாங்க. விழுந்துருவாங்க, நிறுத்துங்க!"

பிறகு கறம்பக்குடியில் அவருடைய மாணவியின் கல்யாணம். பெண் தேவாலயத்துக்குள் நுழையும்போது பவான் வாசிக்க வேண்டும். அதுதான் எங்கள் முதல் நிகழ்ச்சி. சரிபார்க்க நாலு வரி வாசித்திருப்போம், பெண்ணின் அப்பா ஓடி வந்தார். "என்னங்க இது, சாவு வீட்ல இழுக்குற மாதிரி இழுக்குறீங்க? வேற எதாச்சும் குஷியா வாசிங்க." எங்களிடம் வேறு எதுவும் தயாராக இல்லை. மாதக்கணக்கான உழைப்பு வாசலோடு முடிந்தது என்று நினைத்தேன்.

டெய்சி செல்லோவைச் சுவரில் சாய்த்தார். "இது அழுகுற பாட்டு இல்லண்ணே, ஆடுற பாட்டு. கையக் குடுங்க." எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க வாசிங்க சார்" என்றார். ஓர் அடி, ஒரு நிறுத்தம். இன்னோர் அடி, இன்னொரு நிறுத்தம். ஒரு கையில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷர் கூடவே நடந்தார். பாதி வழியில் முதுகு நிமிர்ந்தது, மீசைக்குள் சிரிப்பு வந்தது. "அட, ராசா கணக்கால்ல இருக்கு! எம்மகளையும் இப்படியே கூட்டிட்டு வாரேன்." அப்படியே கூட்டி வந்தார்! சபை முழுக்க எழுந்து நின்றது. இதை எழுதும்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

அடக்கத்துக்குப் பவான் வாசிக்கும்படி டெய்சியின் கணவர் கேட்டார். மாட்டோம் என்று நால்வரும் சொன்னோம். அதைச் சாவுக்கு வாசித்தால் டெய்சி எங்களை மன்னிக்கவே மாட்டார். கணவர் கேட்டார்: "அப்பன்னா எல்லாம் முடிஞ்சதும் வீட்ல வந்து வாசிக்கிறீங்களா? எத்தனயோ தடவ ஆடக் கூப்பிட்டா. வெக்கப்பட்டுக்கிட்டு நான் போகவே இல்ல."

போனோம், வாசித்தோம். அவர் எழுந்து நின்று கையை நீட்டினார். எதிரில் யாருமில்லை. நான் வயலினைக் கீழே வைத்துவிட்டுப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டெய்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். காலமெல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்தே வாசித்தவனுக்கு இப்போது ஆடத் தெரியும்.