பச்சைக் கூடையின் கைப்பிடி

ஓசூர் பேருந்து நிலையத்தில் வயர்கூடை விற்கும் பெண், "உள்ள ட்யூப் வெச்சிருக்கேன்க்கா, அறுந்து போவாது" என்று கைப்பிடியை என் கையில் வைத்து அழுத்தினாள். புது வயரின் வாசனை அடித்தது.

நான் ஏழாவது படித்தபோது கம்பெனியில் பிரஸ் மெஷின் அப்பாவின் வலதுகையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அதன்பின் அவர் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் கட்டிலுக்கடியில் புது நைலான் கயிறு கிடந்தது. "பொட்டி கட்ட" என்றார். கட்டுவதற்கு எங்கள் வீட்டில் பெட்டியே கிடையாது.

அம்மா கயிற்றை ஒளித்து வைத்துவிட்டு சபைக்கு ஓடினாள். பாஸ்டரம்மா பச்சை வயர்க் கட்டோடு வந்தார். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அண்ணா, இவங்க பைபிள் கொண்டார ஒரு கூடை போட்டுக் குடுங்க" என்று அம்மாவைக் காட்டினார்.

"இந்தக் கையிலயா?"

"இருக்கிற விரல்ல போடுங்க. நான் ஜெபம் பண்றேன்."

அப்பா பல்லால் கடித்து முடிச்சுகளை இறுக்கினார். முடிச்சுக்கு ஒரு "இயேசப்பா" சொன்னார். முதலில் அது வசவுபோல இருந்தது. கூடை பாதி வளர்வதற்குள் குரல் தணிந்துவிட்டது. கைப்பிடி போடும் நாளில், "அந்தக் கயித்தக் குடு" என்று அம்மாவிடம் கேட்டார். அதை உள்ளே வைத்து, வெளியே தெரியாதபடி பச்சை வயரைச் சுற்றினார். அன்று மதியம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

நான் கூடை வாங்காமலே பஸ் ஏறினேன். அப்பா அதன்பின் இருபது வருடம் சமாதானமாக வாழ்ந்துதான் போனார். ஞாயிறுதோறும் சபைக்குப் போகும் வழியில், "குடு, நான் தூக்கறேன்" என்பார். அம்மா ஒரு நாளும் அந்தக் கூடையை அவர் கையில் கொடுத்ததில்லை.