கல்யாணத்தன்று பெய்த மழை

என் கல்யாணத்தன்று மழை கொட்டியது. பச்சரிசி தின்கிற பெண்ணின் கல்யாணத்தில் மழை வரும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. பந்தலில் நனைந்துகொண்டு நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

சிம்மக்கல்லில் ஓர் அரிசி மொத்தக்கடையில் பில் போடுகிறேன். மாதிரிக்கு வைத்திருக்கும் தட்டுகளிலிருந்து பிடி பிடியாக அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். சாக்கைப் பிரித்ததும் எழும் வாசனைக்கே நாக்கு ஊறும். நாள் முழுக்கத் தண்ணீருக்கடியில் இருப்பது மாதிரி இருக்கும். மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கும். அவனியாபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெருவும் கடைகளும் மெல்ல மிதந்து போகும். இறங்க வேண்டிய இடம் தாண்டித்தான் கண் விழிப்பேன். அது சுகமாகக்கூட இருந்தது. ஆனால் நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். வீட்டில் எனக்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர். சோம்பேறியாகவே பிறந்துவிட்டேன் என்று நானும் நம்பினேன். அதை நினைத்து அழுததும் உண்டு.

ஒருநாள் கடையிலேயே மயங்கி விழுந்தேன். டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அரிசி, சாக்பீஸுன்னு எதுவும் திம்பியாம்மா?"

இவருக்கும் என் கல்யாணக் கதை தெரிந்துவிட்டதா என்று கூச்சமாகிவிட்டது. ரத்தத்தைச் சோதித்த பிறகுதான் விளக்கினார்.

"இரும்புச்சத்து கொறைஞ்சா இப்பிடிக் கண்டதையும் திங்கச் சொல்லும். அசதியும் அதுனாலதான். நீ சோம்பேறி இல்லம்மா."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம் போலிருந்தது.

மாத்திரையை டீயோடு விழுங்காதே, சத்து ஒட்டாது என்றார். எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினேன். மாதங்கள் போகப் போக, தண்ணீர் வடிந்து உலகம் பக்கத்தில் வந்தது. ஒருநாள் சாக்கைப் பிரித்தார்கள். வாசனை வந்தது, நாக்கு ஊறவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இதைச் சொல்லத்தான் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள்.

"எம்புட்டு நாளாம்மா இப்பிடித் திங்கிற?"

"வயசுக்கு வந்ததுலருந்து. ஏங் கல்யாணத்துக்கும் மழைதான்டி."

முறத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன்.

"எனக்கு என்னடி? நான் ஒரு சோம்பேறி. செத்த படுத்து எந்திரிச்சா சரியாப் போகும்."

"நீ சோம்பேறி இல்லம்மா."

அவளுடைய செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தேன்.