நீல டின்னுக்கு உரிய ஆள்

அக்கா வீட்டு பேஸ்மெண்டில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறேன். ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் இதைவிட வசதியான சிறை கிடைக்காது. நான் கீழே இரண்டு தரம் இருமினால் மேலேயிருந்து கொத்தமல்லித் தண்ணி இறங்கி வரும். லீவு நாளில் எட்டு மணிக்கு என் லைட் எரியாவிட்டால் படியில் காலடி கேட்கும். குறை சொல்லவில்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி இருமுவதற்கும் யோசிக்க வேண்டியிருந்தால் அவளுக்கு விடுமுறை தேவை.

அதனால்தான் போன கிறிஸ்மஸுக்கு வியன்னாவுக்கு ஒரு கிழமை தனியாகப் போவதென்று டிக்கட் போட்டேன். போட்ட பிறகுதான் அக்காவிடம் சொன்னேன். முதலே சொல்லியிருந்தால் மேல் வீட்டு ஆறு பேரும் ஒரு ரைஸ் குக்கரும் கூடவே வந்திருக்கும்.

"தனியவோ?" என்றார் அக்கா. "ஆரோட கோபம்?"

"ஒருத்தரோடையும் இல்லை. அந்தச் சிற்றியை ஸ்னோவுக்குள்ள பாக்கோணும்."

அக்கா ஜன்னலைக் காட்டினார். வெளியே கணுக்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. "அப்ப உது என்ன, உப்போ?"

அந்த ஊர்ப் பனியை நான் அள்ளத் தேவையில்லை என்பதுதான் பாதி உண்மை. மற்றப் பாதி அக்கா வீட்டுக் கிறிஸ்மஸ். நாங்கள் சைவக் கோயிலுக்குப் போகிற ஆட்கள்தான். ஆனாலும் வான்கோழியை யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் காய்ச்சி இந்த நாட்டுக்கு எங்கள் மரியாதையைக் காட்டுவோம். முப்பது பேர் வருவார்கள். முப்பது பேருக்கும் வெங்காயம் உரிப்பது நான். ஒரு கிழமையாவது யாருடைய தங்கையாகவும் இல்லாமல் இருந்து பார்க்க ஆசைப்பட்டேன். என்னால் அப்படி இருக்க முடியுமா என்று எனக்கே தெரியாது. அது தெரிய வேண்டும்.

அக்கா இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். கொத்தமல்லித் தண்ணி மட்டும் தவறாமல் வந்தது, பேச்சில்லாமல். நான் தங்கப்போகும் இடத்து விலாசத்தை எழுதி மேல் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். அது எங்கள் வீட்டுச் சட்டம். பக்கத்து மோலுக்குப் போனாலும் ஒட்டச் சொல்லுவார்.

புறப்படுகிற அன்று அக்கா ஒரு நீல பிஸ்கற் டின்னோடு கீழே வந்தார். மூடியைச் சுற்றி நாலைந்து சுற்று செலோரேப்.

"அங்கை எங்கட பொம்பிளை ஒருத்தி இருக்கிறா. கிறிஸ்மஸுக்குத் தனிய. பாவம், இதைக் குடுத்துவிடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆட்களில் யாரும் பார்சல் இல்லாமல் பிளேன் ஏறியதில்லை. பார்சல் என்றால் ஒரு வீடு. வீடு என்றால் தேத்தண்ணி, சோறு, அல்பம், "இரவு நிண்டிட்டுப் போங்கோவன்". என் தனிமைக்கு அத்தோடு பால் ஊற்றிவிடலாம்.

"விலாசம்?"

"உள்ளுக்கை வைச்சிருக்கிறன். வெளியில எழுதினா அழிஞ்சு போம்." படியில் ஏறியவர் திரும்பினார். "டின்னை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு வா. நல்ல டின்."

எரிச்சல் வந்தால் என் மூளை வேலை செய்யாது. அன்றும் செய்யவில்லை. டின்னைப் பெட்டியின் அடியில், குளிர் சொக்ஸுக்குக் கீழே புதைத்தேன். கொடுப்பதில்லை என்று விமான நிலையம் போவதற்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன்.

வியன்னாவில் பனி, படத்தில் கண்டதுபோலவே கூரைகளில் ஒழுங்காக இருந்தது. யாரோ அள்ளுகிற பனியைப் பார்க்க எவ்வளவு அழகு! டிராமில் ஏறிக் கடைசித் தரிப்பு வரை போய், இறங்காமலே திரும்பி வந்தேன். சந்தையில் சூடான ஆரஞ்சுப் பஞ்ச் வாங்கி, கையுறையோடு கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மியூசியத்தில் ஒரே ஓவியத்துக்கு முன்னால் முக்கால் மணித்தியாலம் இருந்தேன். "கால் நோகுது, போவம்" என்று ஒருவரும் சொல்லவில்லை. நாலு நாள் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

இருபத்துமூன்றாம் திகதி அக்காவின் போன் வந்தது.

"குடுத்திட்டியோ?"

"ஓம். நேற்றே குடுத்திட்டன்."

"என்ன சொன்னவ?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். எனக்கோ பொய் சொல்லத் தொடங்கினால் வடிவாகச் சொல்ல வேண்டும். எழுபது வயது, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, ஒரு சாம்பல் பூனை என்று அந்தப் பெண்ணைக் கட்டி எழுப்பினேன். "டின்னைக் கண்டதும் அழுதிட்டா, அக்கா. என்ரை கையை விடேல்லை."

"ஓமோ," என்றார் அக்கா. "பூனையும் வளக்கிறாவோ? டின்னைத் திருப்பித் தந்தவவோ?"

"தந்தவ."

"கழுவியோ?"

"கழுவித்தான்."

அடுத்த நாள் பின்னேரம் பசியோடு வெளியே இறங்கினேன். ஸ்காபரோவில் வாழ்ந்தவள் செய்கிற பிழையைத்தான் செய்திருந்தேன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் கிறிஸ்மஸ் என்றால்தான் கூடச் சனம். கொத்துரொட்டித் தகரச் சத்தம் அன்று ரோட்டுக்கும் கேட்கும். உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நம்பி அறையில் ஒரு பாண் துண்டுகூட வாங்கி வைக்கவில்லை. வியன்னா பூட்டிக் கிடந்தது. சந்தைக்காரர்கள் பலகைகளை இறக்கிவிட்டார்கள். சுப்பர் மார்க்கெட் இருட்டு. எதிர்ப்பட்ட நாலு சாப்பாட்டுக் கடைகளின் கதவிலும் ஒரே மாதிரி ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. மொழி தெரியாவிட்டாலும் விளங்கியது. ஜன்னல்களுக்கு உள்ளே எல்லா வீட்டிலும் ஆட்கள் மேசையைச் சுற்றி இருந்தார்கள்.

நான் தங்கியிருந்த இடத்தில் காலைச் சாப்பாடு மட்டும்தான். வரவேற்பில் இருந்த பெண்ணும் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து மணிக்குக் கட்டிலில் இருந்து, பைக்குள் கிடந்த விமானத்துக் கடலைப் பக்கெட்டைச் சாப்பிட்டேன். பதினாறு கடலை. அப்போதுதான் டின் ஞாபகம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு பாவப்பட்ட பெண்ணின் பலகாரத்தைக் களவாகத் தின்னப் போகிறேனே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே செலோரேப்பை நகம் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினேன்.

பருத்தித்துறை வடை. பயத்தம் பணியாரம். எண்ணெய்த் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிய கிறிஸ்மஸ் கேக். ஓரத்தில், எனக்கு மட்டும் பிடித்த, உறைப்புக் கூட்டிய மரவள்ளிப் பொரியல். எல்லாவற்றுக்கும் மேலே மடித்த கடதாசி.

விரித்தேன். அக்காவின் கையெழுத்தில் என் பெயர் இருந்தது. கீழே, நான் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்த விலாசம், அறை நம்பரில்லாமல்.

எழுபது வயது, மூன்றாம் மாடி, பூனை எல்லாவற்றையும் அக்கா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததை நினைத்தபோது எனக்குக் காது சுட்டது. ஒரு வடையைக் கடித்துக்கொண்டே போன் எடுத்தேன். ரொறன்ரோவில் அப்போது பகல் பதினொரு மணி. பின்னால் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

"அக்கா," என்றேன். மூக்கை உறிஞ்சியது அங்கே கேட்டிருக்க வேண்டும்.

"அழுதவ எண்டு நீ நேற்றுச் சொல்லேக்கை நான் நம்பேல்லை," என்றார் அக்கா. "இப்பதான் பார்சல் போய்ச் சேந்திருக்கு."

"அக்கா, நான்..."

"சரி, சரி. எனக்கு இஞ்சை வெங்காயம் உரிக்க ஆளில்லை, வேலை கிடக்கு. அவவை வடிவாச் சாப்பிடச் சொல்லு. டின்னைக் கழுவிக்கொண்டு வா."