ஆல்பத்தில் இல்லாத பாட்டு

மாலை நாலு இருபதுக்கு மகளின் கல்லூரிப் பைக்குள் இன்ஹேலரைப் பார்த்தேன். பை வீட்டில் இருந்தது, மகள் இல்லை. மூன்று மணிக்கே தோழியோடு கச்சேரிக்குப் போய்விட்டாள். தோளில் மாட்டிக்கொண்டு போனது புதிதாக வாங்கிய துணிப்பை.

கச்சேரி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "லைவ் ஷோம்மா" என்பாள். பாடகருக்கு எழுபதை நெருங்கும் வயது. நாட்டுப்புறப் பாட்டைப் பறையும் கிடாருமாகச் சேர்த்துப் பாடுகிறவர். எனக்கு அதெல்லாம் இரைச்சல். அவள் காதில் எப்போதும் ஹெட்போன் இருந்ததால் எங்களுக்குள் அதைப் பற்றிச் சண்டையும் வந்ததில்லை.

ஆறு வயதிலிருந்து அவளுக்கு வீசிங் உண்டு. தூசி ஆகவே ஆகாது. ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் உதடு நீலமாகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். இப்போது என் கைப்பையில் ஓர் இன்ஹேலர், ஸ்கூட்டர் பெட்டியில் இன்னொன்று. பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கை பைக்குள் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது. அன்றைக்குப் பிறகுதான் இப்படி.

அவளுக்கும் தோழிக்கும் மாறி மாறி போன் செய்தேன். இரண்டுமே தொடர்பு எல்லைக்கு வெளியே. கணவர் வேலையாகப் பெங்களூரில் இருந்தார். அவரிடம் சொல்லி அவரையும் பதற வைக்காமல் ஸ்கூட்டரை எடுத்தேன்.

கீழ்பென்னாத்தூர் சாலையில், வேர்க்கடலை பிடுங்கி முடித்த நிலத்தில் மேடை போட்டிருந்தார்கள். நான் போனபோது முதல் பாதி முடிந்து இடைவேளை. அத்தனை பேரும் எழுந்து நடந்ததில் செம்மண் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது. எனக்கே தொண்டை அடைத்தது.

பேட்ஜ் குத்திய ஒருவரிடம் மைக்கில் அவள் பெயரைச் சொல்லச் சொன்னேன்.

"ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தறாங்க மேடம். பத்து நிமிஷத்துல சொல்லிடறோம்."

"அவளுக்கு வீசிங் இருக்குங்க. மண்ணு இப்படிப் பறக்குது."

"மல்லாட்ட புடுங்கின கொல்ல மேடம், பறக்கத்தான் செய்யும். பத்தே நிமிஷம்."

கூட்டத்துக்குள் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். பாதிப் பெண்கள் அவளைப் போலவே கறுப்புச் சட்டை போட்டிருந்தார்கள். திரும்பி வாசலுக்கே வந்தேன். அங்கே டீக்கடையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர். இன்னொருவர் வழுக்கைத் தலை. அவருடைய வெளுத்த பனியனில் பாடகரின் இளவயது முகம் இருந்தது. தொப்பையால் அந்த முகம் அகலமாகியிருந்தது.

"ரெண்டாவது ஆல்பத்துக்கு அப்பறம் எல்லாம் கிடாருதான். பறை எங்கய்யா கேக்குது?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆட்டோ ஸ்பீக்கர்ல கேட்டா இஞ்சின்தான் கேக்கும்."

"அதான் லைவ்ல வந்து கேக்கறேன். உன்ன மாதிரி கேசட்டெல்லாம் பீரோல வச்சிப் பூட்டிக்கினு உக்காரல."

நான் குறுக்கே போய் போனில் மகளின் படத்தைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"மூஞ்சி பாத்துத் தேட முடியாதுக்கா" என்றார் ஆட்டோக்காரர். "பாப்பாவுக்கு எந்தப் பாட்டு புடிக்கும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மூச்சுவிட முடியாத பொண்ணத் தேடறேன். பாட்டு கேக்கறீங்களே!"

"அதுக்குத்தான்க்கா. மொத ஆல்பத்து ஆளுங்கல்லாம் பறைக்கு முன்னாடி, இடது பக்கம் நிப்பாங்க. கிடாருக்கு வர்றவங்க நடுவுல."

"மூணாவது ஆல்பத்து ஆளுங்க பின்னாடி புளியமரத்தடில" என்றார் பனியன்காரர்.

எனக்குத் தெரியவில்லை. தட்டில் எந்தக் காயை ஒதுக்குவாள், எந்த மருந்து கொடுத்தால் கை நடுங்கும் என்பதெல்லாம் தெரியும். பாட்டு தெரியாது. பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. இரவு முழுக்க இழுத்துவிட்டு விடிந்த காலைகளில், தலை பின்னிவிடும்போது அவள் வாய்க்குள் ஒரு மெட்டை முனகுவாள்.

"பாடிக் காட்டுங்க" என்றார்கள் இருவரும்.

பள்ளிப் பிரேயரில்கூட நான் வாயசைப்பதோடு சரி. டீ ஆற்றுகிறவர் பார்த்துக்கொண்டிருக்க, ரோட்டோரம் நின்று முனகினேன். பாதியில் தப்பிப் போய் மறுபடி ஆரம்பித்தேன்.

பனியன்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது ஆல்பம், ஆறாவது பாட்டு" என்றார்.

"போய்யா, அது மேல ஏறும். இது எறங்குது. அக்கா, இன்னொரு தபா."

மறுபடி முனகினேன். ஆட்டோக்காரர் டம்ளரில் விரலால் தட்டினார். "இது ஆல்பத்துலயே இல்ல. லைவ்ல மட்டும் பாடுவாரு. கேட்டவங்க போன்ல புடிச்சி அனுப்பிக்குவாங்க."

பனியன்காரர் எதையோ பறிகொடுத்தவர் போல, "ஆமா, இல்ல" என்றார்.

இடைவேளை முடிந்ததும் பாடகர் தனியாக இறங்கி வந்து, மேடையின் வலதுபக்கப் படியில் உட்கார்ந்து அதைப் பாடுவாராம். மைக் கிடையாது. அதனால் அந்தப் பாட்டுக்காக வருகிறவர்கள் முன்கூட்டியே படிக்குப் பக்கத்தில் போய் இடம் பிடிப்பார்களாம்.

"ஆனா போன தபா வேலூர் ஷோல பாடல" என்றார் பனியன்காரர். "தொண்ட சரியில்ல."

"இன்னிக்கிப் பாடுவாரு. நீ சும்மா வாய்யா."

பாடாவிட்டால் அவள் அங்கே வரமாட்டாள். எனக்கு வேறு வழியும் இல்லை. ஆட்டோக்காரர் "மருந்து, மருந்து, வழி விடுங்க" என்று முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். படிக்கு முன்னால் முப்பது நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை.

பாடகர் வந்தார். முழங்காலில் கையை ஊன்றி மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். பாட ஆரம்பித்தார். நான் தப்பும் தவறுமாக முனகிய அதே மெட்டு. கூட்டம் அப்படியே அடங்கியது. எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை. இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சரணத்தில், ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தாள். முகம் தெரிவதற்கு முன்பே, மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்கியதை வைத்து என் மகள் என்று தெரிந்துவிட்டது.

நான் நீட்டியதை வாங்கிக் குலுக்கி உறிஞ்சினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. தோள் தணிந்தது. என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையை அழுத்திச் சொன்னாள்:

"இது எந்த ஆல்பத்துலயும் கெடையாதும்மா. முடியட்டும், அப்பறம் திட்டு."