ஒருதரம் கேட்டால் போதுமா

தொலைபேசியின் முன் உட்காருமுன் மங்களேஸ்வரி வளையல்களைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுவார். ஒருவர் அழும்போது பக்கத்தில் வளையல் கிலுங்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. பென்சில் ஒன்று, வெந்நீர் ஒரு கோப்பை. குறிப்பு எழுதிய தாளை வேலை முடிந்ததும் எட்டாகக் கிழித்துவிட்டுத்தான் எழும்புவார்.

ஒஸ்லோவின் அம்மருட் மாடிவீடுகளில் தமிழர் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பதினைந்து வருடமாக மொழிபெயர்ப்பாளர். பேசுகிறவர் யாராக இருந்தாலும் "நான்" என்றே மாற்ற வேண்டும் என்பது தொழில் விதி. "இண்டைக்கு மத்தியானத்துக்கு முன்னம் நான் ரெண்டு தரம் பிள்ளைத்தாச்சி. ஒருக்காக் களவும் எடுத்துப் போட்டன்" என்று சிரிக்காமல் சொல்வார். யாருடைய பெயரும் வெளியே வராது. கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒரு சொல் விளக்கம் சேர்த்தாலும் மறுநாள் கூப்பிடமாட்டார்கள்.

சொந்தக் கதை என்று சொல்வது ஒன்றுதான். "நோர்வேக்கு வந்த புதுசிலை, இஞ்சத்தைச் சனம் கோப்பி வேணுமோ எண்டு கேட்டவை. வேண்டாம் எண்டனான். இன்னொருக்காக் கேப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒருத்தரும் கேக்கேல்லை. ஒரு வருசம் தொண்டை காஞ்சு திரிஞ்சனான்."

சுனாமி அடித்த அடுத்த வருடம், ஒஸ்லோவில் ஓர் உதவி நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் பெரித் என்ற அதிகாரி, ஓய்வுபெறும் வயது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் நோர்வேயில் சுவீடன்காரர் அனுப்பிய சூப்புக்குக் கோப்பையோடு வரிசையில் நின்ற பிள்ளை அவர். "எங்களை யாரும் கேட்கவில்லை, ஊற்றினார்கள். நாங்கள் இப்போது கேட்டுத்தான் கொடுக்கிறோம்" என்றார். நல்ல பெண்மணிதான்.

தொலைபேசியின் மறுமுனையில் சின்னராசா, வடமராட்சிக் கிழக்குக் கரையில் அறுபது குடும்பம் இருக்கும் முகாமின் தலைவர். கூடாரமும் வலையும் வந்து சேர்ந்தன என்றார். பெரித்தின் உதவிப் பட்டியலில் மிச்சம் கிணறு. பின்னேரம் அந்தப் பட்டியல் மேலிடத்துக்குப் போகும். இப்போது அதிலிருந்து ஒன்றை வெட்டினால் அந்த வருடத்துக்கு வெட்டியதுதான்.

கிணறு துப்புரவாக்க உதவி தேவையா என்று பெரித் கேட்டார்.

"நீங்கள் இவ்வளவு செய்ததே பெரிய காரியம் அம்மா. வேறை ஒண்டும் வேண்டாம்."

மங்களேஸ்வரி சொல்லுக்குச் சொல் மாற்றினார். பெரித் பட்டியலிலிருந்து கிணற்றை வெட்டப் பேனையை எடுத்தார். அது கோப்பிக்கு மங்களேஸ்வரி சொன்ன அதே 'வேண்டாம்'. வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் கிணறு போகும்.

உள்ளங்கையை விரித்து அந்தத் தாளின்மேல் வைத்தார்.

பெரித் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்து, அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

"குடுத்ததே காணும் அம்மா. உங்களுக்கேன் கரைச்சல்."

அதையும் அப்படியே மாற்றினார். கையை எடுக்கவில்லை. பெரித் பேனையை மூடி வைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டார்.

சின்னராசா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவ்வளவு கேக்கிறபடியால் சொல்லுறன். எங்கடை கிணறு நாலும் உப்பு. குழந்தையளுக்குப் பால்மா கரைக்கத் தண்ணியில்லை."

எங்கள் கிணறு நாலும் உப்பு என்று மங்களேஸ்வரி, குரல் மாறாமல், நோர்வேஜிய மொழியில் கடைசிச் சொல்வரை சொல்லி முடித்தார். பிறகுதான் கையை எடுத்தார்.