கடை மூடியபின் கூடியவர்கள்

தறியில் ஓடிய பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. எடுத்து முடிச்சுப் போட வேண்டும். நெசவாளி கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது. ஆனால் அன்று காலை என் விரல்கள் நடுங்கிய நடுக்கத்தில் இழை கைக்கு அகப்படவே இல்லை. எதிரே தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து வந்து, முடிச்சைப் போட்டுவிட்டுப் போனாள். இராசிபுரத்தில் அப்போது எனக்கு முப்பது வயது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவ்வளவு குறுகிப் போயிருக்க மாட்டேன்.

எங்கள் ஜில்லாவில் சர்க்கார் கள்ளுக்கடைகளை மூடிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கடை மூடினால் குடி நின்றுவிடும் என்று ஊரில் எல்லாரும் நம்பினார்கள். பலருக்கு நின்றது. எனக்கு நிற்கவில்லை. கொல்லிமலை அடிவாரத்தில் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சாராயம் கிடைத்தது. கள்ளைவிடப் பொல்லாதது அது.

அன்று மத்தியானம் சோறு போடும்போது மனைவி சொன்னாள்: "நாமகிரிப்பேட்டை ரோட்டுல மூடிக் கெடக்குற கள்ளுக்கடையில, பொழுது சாஞ்சா குடியை உட்டவங்க கூடறாங்களாமா. ஒரு நாளைக்குப் போயி உக்காந்துட்டு வாங்க." எங்கே குடித்துக் கெட்டேனோ அங்கேயே போய்க் குடியை விடுவதா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "போவலீன்னா நாளைக்கு நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேனுங்க" என்றாள்.

போனேன். அதே கூரைக் கொட்டகை. அதே கடைக்காரர். அவர் கையால் நான் வாங்கிக் குடித்த மொந்தைகளுக்குக் கணக்கில்லை. தாமும் குடித்தவர்தான், கடையை மூடிய பிறகு, உடம்பெல்லாம் உதற ஒரு மாதம் படுத்துக் கிடந்து குடியை விட்டவர். இப்போது அங்கே ஏழெட்டுப் பேருக்குச் சுக்குத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் தயங்கி நின்ற என்னைப் பார்த்ததும், "இன்னிக்குக் குடிச்சியா தம்பி?" என்றார். பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "குடிச்சேனுங்க."

"செரி, உக்காரு. நாளைக்கும் வா."

அவ்வளவுதான். புத்திமதி இல்லை, சத்தியம் வாங்கவில்லை. ஒவ்வொருவரும் அன்றைய பொழுது எப்படிப் போனது என்று சொன்னார்கள். வண்டிக்காரர் ஒருவர், சாராயம் விற்கும் ஓடையைத் தாண்டும்போது மாட்டை விரட்டு விரட்டென்று விரட்டியதைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குத்தான் அழுகை வந்தது. என்னைப்போல் இன்னொருவன் இருப்பான் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று கடைக்காரரை ஒருமுறை கேட்டேன். "எங்கையால ஊத்திக் குடுத்த ஆளுங்க. கடையை மூடிப்போட்டு நடுரோட்டுல உட்டுட்டுப் போவ மனசு வல்லைப்பா" என்றார். சாயந்திரம் அந்த ஒரு நாழிகையைத் தாண்டிவிட்டால் போதும் என்பார். அப்படித் தாண்டித் தாண்டியே எனக்குக் குடியில்லாமல் ஐந்தாறு வருஷம் ஓடியது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் சர்க்கார் மனசு மாறியது. கடைகள் திரும்பத் திறந்தன. கடையை எடுத்து நடத்தச் சொல்லி அவரிடமும் வந்து கேட்டார்கள், மறுத்துவிட்டார். வேறொருவர் எடுத்து, கூப்பிடு தூரத்தில் பனைமரங்களுக்கு நடுவே புதுக் கொட்டகை போட்டார். காற்று அந்தப் பக்கமிருந்து கள் வாசனையோடு அடித்தால், எழுந்து தட்டியைச் சாத்துவோம்.

புதுக் கடை திறந்த மூன்றாம் நாள் எங்கள் கடைக்காரர் வரவில்லை. எங்கே இருப்பார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எழுந்திருக்கத்தான் யாருக்கும் கால் வரவில்லை. நான் போனேன். பனை அடியில் காலி மொந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உனக்கு இங்க என்ன சோலி? போ தம்பி" என்றார்.

"நீங்க வந்தாப் போறேனுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது தப்பு. புளித்த கள்ளின் வாசனை தலைக்கு ஏறியது. வாயில் எச்சில் ஊறியது. ஊற்றுகிறவன் என்னைப் பார்த்து ஒரு மொந்தையை எடுத்தான். கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார். சட்டென்று எழுந்து, என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். தமக்காக எழ முடியாதவர் எனக்காக எழுந்தார். அந்தப் பிடியின் வலி இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் வந்தார். தம் இடத்தில் உட்காராமல் வாசல் ஓரமாய் உட்கார்ந்தார். "நேத்து குடிச்சுப்போட்டேனுங்க" என்றார். இத்தனை பேருக்கும் தாங்கலாய் இருந்த மனிதர் தலையைத் தொங்கப்போட்டு அதைச் சொன்னார்.

மூலையிலிருந்து வண்டிக்காரர் சொன்னார்: "நான் முந்தாநேத்தே குடிச்சேனுங்க. உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன்." அவரை அடுத்து இன்னொருவர் சொன்னார். பிறகு இன்னொருவர்.

கடைக்காரர் தலையை நிமிர்த்தி ஒவ்வொருவராய்ப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுக்குத்தண்ணிக்கு அடுப்பு மூட்டச் சுள்ளி பொறுக்க எழுந்து போனார்.