மணியடித்துவிட்டு வாருங்கள்

குருவம்மாள் சிஸ்டர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் தேவதானப்பட்டியில் இருந்தேன். காற்றில் அறுந்த தொலைபேசிக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு, கம்பத்திலிருந்து இறங்கிக் கை கழுவிக்கொண்டிருந்தேன். சிஸ்டரிடம் பத்துப் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கும் பேச்சியம்மாள்தான் செல்போனில் கூப்பிட்டாள். "சிஸ்டர் போய்ட்டாகண்ணே" என்றாள். காலையில் கஞ்சி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு அழுகை வரவில்லை. அவரிடம் கேட்காமல் வைத்திருந்த ஒரு கேள்விக்கு இனிப் பதில் சொல்ல ஆள் இல்லையே என்ற கோபம்தான் முதலில் வந்தது. பஸ்ஸில் சிஸ்டர் வீடு இருக்கும் உத்தமபாளையம் போய்ச் சேரும்வரை அந்தக் கோபம் தணியவில்லை.

மறதி நோய் வந்த பெரியவர்களைச் சிஸ்டர் வீட்டில் விட்டிருக்கும் நீங்கள் எல்லாரும் கூடி, படத்திறப்பு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்ததாகச் சொன்னார்கள். காரணம் எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சங்க இதழில் முன்பு ஒரு கட்டுரை எழுதினேன். 'ஒளிவுமறைவில்லாத ஒரு வீடு' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் உங்களில் சிலர் அங்கே வந்தீர்கள். இப்போதும் அதே மாதிரி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். சிஸ்டர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவரை முழுசாக நம்பினேன், அவர் என்னிடம் பொய் சொன்னார். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எழுத என்னால் முடியவில்லை.

என் அப்பா மாயாண்டி, பொதுப்பணித் துறையில் லஸ்கர். வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்கி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை பார்த்து விடுகிற வேலை. ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து மறதி நோய் வந்தது. பெற்ற பிள்ளையின் பெயர் மறந்தது, ஷட்டர் மட்டும் மறக்கவில்லை. ஒரு நாள் போய், அறுப்புக்கு நின்ற வயலுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார். சண்டைக்கு வந்த வயல்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தோம். சுவரேறிக் குதித்து, இடுப்பளவுத் தண்ணீரில் அப்பா நின்ற அன்றைக்குத்தான் இல்லம் தேடத் தொடங்கினேன்.

முதலில் பார்த்த இல்லத்தின் பெயர் வேண்டாம். நாலு மணிக்குமேல் ஐந்து மணிக்குள் வந்து பார்க்கலாம் என்றார்கள். பெரியவர்களைப் பவுடர் பூசி வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே அறைகளைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, எல்லாரும் தூங்குகிறார்கள் என்று பதில் வந்தது. வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று கேட்டேன். அத்தோடு எங்கள் பேச்சு முடிந்தது.

அங்கிருந்து சிஸ்டர் வீட்டுக்கு வந்தவனுக்கு வாசலில் மாட்டியிருந்த கரும்பலகை எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயர், நடந்தது, கவனித்தவர், வீட்டுக்குச் சொன்னது என்று நாலு கட்டங்கள். நான் போன அன்று, காமாட்சி ஆத்தா குளியலறையில் வழுக்கி இடது முட்டியில் சிராய்ப்பு, கவனித்தவர் பேச்சி, மகளுக்குப் போன் செய்தாயிற்று என்று எழுதியிருந்தது. வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி இதையெல்லாம் எழுதிப் போட்டால் ஆள் சேருமா என்று கேட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வயசானவுக விழத்தான் செய்வாக தம்பி. எங்ககிட்ட ஒருத்தரும் விழுந்ததே இல்லைன்னு எவனாச்சும் சொன்னான்னா, அங்கன மட்டும் விட்றாதீக."

பின்னால் மதிலை ஒட்டி வாய்க்கால் ஓடுகிறதே என்று தயங்கினேன். தண்ணீர்ச் சத்தம் அப்பாவுக்குப் பழகின சத்தம், அது கேட்டால் அமைதியாக இருப்பார் என்றார். எந்த நேரத்தில் வந்து பார்க்கலாம் என்று கேட்டேன். எப்போது வேண்டுமானாலும் என்றார். கேட்டில் ஒரு சின்னக் கோயில் மணி தொங்கியது. அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வந்தால் போதும், யாரோ பார்க்க வருகிறார்கள் என்று பெரியவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றார். கேட்டிலிருந்து வாசல்வரை முருங்கை மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அந்த மணியைப் பற்றி என் கட்டுரையில் ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன்.

அவர் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். அப்பா எதற்குப் பயப்படுவார், கை சும்மா இருக்கும்போது என்ன செய்வார் என்றெல்லாம் சிஸ்டர் கேட்டார். எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரமே பழைய இரும்புக் கடையிலிருந்து துருப்பிடித்த ஷட்டர் கைப்பிடி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, முற்றத்தில் ஒரு கல்லுக்காலில் சுற்றும்படி பொருத்திவிட்டார். காலையிலும் சாயங்காலமும் அப்பா அதைத் திருகுவார். திருகி முடித்ததும், "தண்ணி வருதுப்போய்" என்று ஒரு குரல் கொடுப்பார். "வந்துருச்சு அய்யா" என்று சமையற்கட்டிலிருந்து சிஸ்டர் பதில் கொடுப்பார். அதைப் பார்த்த அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷி இருக்கிறாரே என்று வீட்டில் வந்து சொன்னேன்.

அதனால்தான் எல்லாரிடமும் சொன்னேன். என்னோடு வேலை பார்த்தவர் கடமலைக்குண்டிலிருந்து தன் மாமாவைக் கொண்டுவந்து விட்டது என் பேச்சைக் கேட்டுத்தான். போர்டைப் போய்ப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள் என்று சொல்வேன். ஏதோ அந்த வீட்டை நானே கட்டினதுபோல ஒரு பெருமை.

இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் உரித்துக் கொடுத்த திராட்சையைத் தின்றுகொண்டிருந்த அப்பா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"ஏலே, மத்தியானமானா என்னையக் கட்டிப் போடுறாக."

அதே வாயால், நாளைக்குச் சீஃப் இன்ஜினீயர் வருகிறார் என்றும் சொன்னார். செத்துப்போன அம்மா கரையில் சோற்றுத் தூக்கோடு காத்திருக்கிறாள் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒதுக்கிவிட்டேன். ஆனால் அவர் மணிக்கட்டில் சிவந்து ஒரு தடம் இருந்தது. சிஸ்டரிடம் கேட்டேன். சாமிக் கயிற்றை இழுத்து இழுத்து அப்பாவே புண்ணாக்கிக்கொள்கிறார் என்றார். வாசலுக்கு வந்து பார்த்தேன். கரும்பலகையிலும் அப்படியே எழுதியிருந்தது. மாயாண்டி அய்யா, சாமிக் கயிறு உராய்ந்து புண், மருந்து போட்டாயிற்று. போர்டிலேயே இருக்கிறதே என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அப்பா அதையே சொன்னார். மூன்றாவது முறை எனக்கு எரிச்சல் வந்தது. சும்மா இருங்கப்பா, சிஸ்டர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை என்று அதட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி. நீயும் அவுக ஆளு" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பத்து மாதம் கழித்துக் காய்ச்சலில் இறந்துபோனார். காரியத்துக்கு வந்திருந்த சிஸ்டருக்கு எல்லார் முன்னாலும் கைகூப்பி நன்றி சொன்னேன். அவர் குனிந்தபடியே நின்றார். தன்னடக்கம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் சிஸ்டர் வீட்டுத் தொலைபேசி வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. என் ஏரியா அல்ல, இருந்தாலும் நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். பழுது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பின்தெருக் கம்பத்தில் இருந்தது. கேட்டுப் பக்கம் போகாமலே ஏணியைச் சாத்தி ஏறினேன். உச்சி வெயில். மேலே இருந்து மதிலுக்கு உள்ளே பின்தாழ்வாரம் முழுக்கத் தெரிந்தது. நாலு நாற்காலி. நாலு பேர். கடமலைக்குண்டுப் பெரியவரின் இரண்டு கையும் கிழித்த சேலைத் துணியால் நாற்காலியின் கையில் கட்டியிருந்தது. மற்ற மூவருக்கும் அப்படித்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் கேட்டில் யாரோ மணியடித்தார்கள். சமையற்கட்டிலிருந்து பேச்சியம்மாள் ஓடி வந்தாள். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள், மணிக்கட்டைத் தேய்த்துவிட்டாள், துணிகளைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டாள். வந்தவர்கள் முருங்கை மரங்களைத் தாண்டி வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மணி எதற்கு என்று அப்போது புரிந்தது.

பார்க்க வந்தவர்கள் போனபிறகு இறங்கி, முன்பக்கமாக வந்து, மணியடிக்காமல் உள்ளே போனேன். சிஸ்டர் மருந்துகளைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தார். கையில் ஏணியோடு நான் நின்ற நிலையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அப்பாவையுமா சிஸ்டர்?"

"ஆமா தம்பி."

சாமிக் கயிறு என்று போர்டில் எழுதினீர்களே என்றேன். எழுதினேன் என்றார். அழவில்லை, மழுப்பவும் இல்லை. மத்தியானத்தில் ஒருத்தி சமைக்க, ஒருத்தி துணி அலச, அத்தனை பேரையும் தான் ஒருத்தியே பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். அப்பா மூன்று தடவை பின்கதவு வழியாக வாய்க்காலுக்குப் போய்விட்டாராம். மூன்றாவது தடவை சிஸ்டரே சேலையோடு தண்ணீரில் இறங்கித் தூக்கினாராம். அந்த மூன்றில் ஒன்றுகூடப் போர்டில் ஏறவில்லை. அதை நான் கேட்டதும் அவர் குரல் மாறியது.

"சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பீக. போயி என்ன செஞ்சிருப்பீக? வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போயிருப்பீக."

உண்மை. ஆனாலும், சொல்லியிருந்தால் நாங்கள் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து மத்தியானத்தில் வந்து உட்கார்ந்திருப்போமே என்றேன். வயலுக்குத் தண்ணீர் முறை வைக்கத் தெரிந்த ஊருக்கு இது பெரிய காரியமா என்றேன். அப்படி ஒரு வழி அவருக்குத் தோன்றியதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறவர்கள் என்றுதான் எங்கள் எல்லாரையும் அவர் நினைத்திருந்தார். பொய்யைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது.

போர்டில் எழுதுங்கள் என்றேன். அவர் எழுந்து வாசலுக்கு வந்து சாக்பீஸை எடுத்தார். 'மாயாண்டி' என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் கை நின்றது. "இத எழுதிட்டா அப்புறம் இந்த வீடே இருக்காது தம்பி. இவுகள்லாம் எங்கன போவாக?" என்றார். எழுதின பெயரை உள்ளங்கையால் அழித்தார்.

மறுவாரம் மணியைக் கழற்றிவிட்டார். மத்தியான முறையும் அந்த மாதமே தொடங்கியது. பெரியவர்களுக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்று சொல்லி சிஸ்டர் உங்களை அழைத்தார். நீங்களும் வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்தீர்கள். கட்டுத் துணியை அவிழ்க்கத்தான் உங்களைக் கூப்பிட்டோம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடமலைக்குண்டு மாமாவைக் கொண்டுவந்து விட்டவரோடு அதற்குப் பிறகும் தினம் டீ குடித்தேன். அவரிடமும் சொல்லவில்லை. வீடு நல்லபடியாக நடக்கிறதே, கிளறுவானேன் என்று இருந்துவிட்டேன். சிஸ்டர் எனக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்திருக்கிறேன்.

கேட்காமல் வைத்திருந்த கேள்வி இதுதான்: எத்தனை மாதம்? முறை தொடங்கிய பிறகும் அவரை எத்தனையோ தடவை பார்த்தேன். பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை. பேச்சியம்மாளிடம் இப்போது கேட்டால் தெரியலாம். ஆனால் அதைச் சிஸ்டர் வாயால்தான் கேட்டிருக்க வேண்டும்.

இழவுக்குப் போன அன்று, அவர் ஞாபகமாக என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று பேச்சியம்மாள் சொன்னாள். முற்றத்துக் கல்லுக்காலிலிருந்து ஷட்டர் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அப்பா பிடித்த இடம் மட்டும் துரு போய் வழுவழுப்பாக இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தவரும் சிஸ்டர்தான், அதைத் திருகிய கையைக் கட்டியவரும் அவர்தான். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது இந்த இரும்பு மட்டுமே.

கரும்பலகையை எடுக்கவில்லை. அது அந்த வாசலிலேயே இருக்க வேண்டும், இனி வீட்டை நடத்துகிறவர்கள் நடந்ததையெல்லாம் அதில் எழுத வேண்டும். நேற்றுப் போய், சிஸ்டர் அழித்த இடத்தில் நானே எழுதிவிட்டு வந்தேன். படத்திறப்புக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

பெயர்: மாயாண்டி.

நடந்தது: மத்தியானங்களில் கையைக் கட்டியிருந்தோம். எத்தனை மாதம் என்று தெரியாது.

கவனித்தவர்: குருவம்மாள்.

வீட்டுக்குச் சொன்னது: மாயாண்டியே சொன்னார். மகன் நம்பவில்லை.